பழுதறியும் முறை

பழைய வண்டியொன்று பாதையிற் செல்லும்போது கிறீச்சென்று ஒலித்தல் இயல்பு. அவ்வொலியைக் கேட்கும் வண்டிக்காரருள் இரு வகையினர் உண்டு. ஒருவர் ஒலியைப் பொருட்படுத்தாது காளைகளை அடித்து விரட்டுவார். மற்றொருவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒலி எந்தச் சக்கரத்தில் எழுகின்றது, அச்சு தேய்ந்ததாலா, கடையாணி தளர்ந்ததாலா, மசகு வறண்டதாலா என்று குனிந்து பார்ப்பார். முன்னவர் வண்டி நடுவழியிற் சாயும். பின்னவர் வண்டி ஊர் போய்ச் சேரும். இருவருக்கும் வண்டி ஒன்றே, பாதையும் ஒன்றே. வேறுபாடு, ஒலியைத் தொல்லையாகக் கொள்வதற்கும் செய்தியாகக் கொள்வதற்கும் உள்ள வேறுபாடே.

இவ்வுண்மை மாட்டுவண்டிக்கு மட்டும் உரியதன்று. மாணவர் மடியில் வைத்துப் பயிலும் கணினிக்கும் இது பொருந்தும். பல்லாண்டு பழகிய மடிக்கணினி ஒருநாள் மெல்ல விழித்தெழுகின்றது. முன்னர் ஒரு நிமிடத்தில் வேலைக்கு ஆயத்தமாக நின்றது, இப்போது ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கின்றது. கருந்திரையில் வெள்ளெழுத்துக்களால் ஏதேதோ வரிகள் தோன்றி மறைகின்றன. அவற்றைக் கண்டு அஞ்சுவோர் பலர். சினந்து பொத்தானை அழுத்தி அணைப்போர் பலர். நின்று படிப்போர் சிலரே. அச்சிலரே பழுதறியும் கலையின் முதற்படியில் கால் வைத்தவர் ஆவர்.

லினக்ஸும் பழைய கணினிகளும்

கணினியின் உறுப்புக்களையும் அவற்றைப் பயன்படுத்தும் மென்பொருள்களையும் இணைத்து ஆளும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். லினக்ஸ் என்பது அத்தகைய இயங்குதளங்களுள் ஒன்று. 1991-ஆம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், இதன் கெர்னலை, அஃதாவது கருப்பகுதியை, எழுதத் தொடங்கினார். தாம் எழுதியதைத் தமக்கென மறைத்து வைக்காமல் உலகோர் பார்வைக்கு வைத்தார். அமெரிக்க நாட்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டு அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அக்கருப்பகுதியோடு சேர்ந்தன. பல நாட்டு அறிஞர் கூடித் திருத்தினர், வளர்த்தனர். இன்று யார் வேண்டுமாயினும் அதனைப் பெறலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம்.

இவ்வியங்குதளம் தமிழ்நாட்டு மாணவர்க்குப் புதியதன்று. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாக, பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம் பல இல்லங்களுக்குள் நுழைந்தது. அது டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவானது.

பழைய கணினிக்கு லினக்ஸ் ஏற்றது என்று பலரும் கூறுவர். அக்கூற்று பெரும்பாலும் உண்மையே. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகப் பழைய 386 வகைச் செயலியைத் தாங்கும் வசதி, 2013-ஆம் ஆண்டு வெளிவந்த 3.8 என்னும் கெர்னலில் நீக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவுதற்குரிய வடிவத்தைக் கைவிட்டது. ஆதலின், தன் கணினி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பதை அறிந்துகொள்ளுதல், அதனைப் பேண விரும்புவோனின் முதற் கடமையாகும்.

கணினி விழித்தெழும் முறை

பழுதை அறிய விரும்புவோன் முதலில் பழுதில்லா நிலையை அறிதல் வேண்டும். நாடித்துடிப்பின் இயல்பான நடையை அறியாத மருத்துவன் காய்ச்சலை எங்ஙனம் அறிவான்? ஆகவே கணினி எவ்வாறு எழுகின்றது என்பதை முதற்கண் காண்க.

மின்பொத்தானை அழுத்தியவுடன், தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் என்னும் நிலைபொருள் முதலில் விழிக்கின்றது. சற்றுப் பிந்திய கணினிகளில் இதன் இடத்தில் யூஇஎஃப்ஐ என்பது இருக்கும். அது நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலிய உறுப்புக்கள் உள்ளனவா என்று சோதிக்கும். பின்னர், வட்டின் தொடக்கத்திலுள்ள கிரப் என்னும் ஏற்றியை அழைக்கும். கிரப், கெர்னலை வட்டினின்றும் எடுத்து நினைவகத்தில் வைக்கும். அதனோடு, தொடக்க வேலைக்கு வேண்டிய சில கருவிகள் அடங்கிய சிறு மூட்டை ஒன்றையும் வைக்கும். அதற்கு இனிட்ராம்எஃப்எஸ் என்பது பெயர். கெர்னல் எழுந்து, உறுப்புக்கள் ஒவ்வொன்றையும் இயக்கும் இயக்கிகளை ஏவும். இறுதியில் சிஸ்டம்டி என்னும் மேலாளரிடம் பொறுப்பை ஒப்படைக்கும். சிஸ்டம்டி, வலையிணைப்பு, ஒலி, அச்சு, திரை முதலிய பணிகளைத் தொடங்கி வைக்கும். அதன் பின்னரே பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை தோன்றும்.

இதனை வைகறையில் ஒரு வீடு விழித்தெழுவதோடு ஒப்பிடலாம். ஒருவர் எழுந்து கதவைத் திறப்பார். ஒருவர் வாசல் தெளித்துக் கோலமிடுவார். அதே வேளையில் மற்றொருவர் அடுப்பு மூட்டுவார். இவை ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒருங்கே நடக்கும். ஆனால் பால்காரர் வாராமல் பால் காயாது. பால் காயாமல் காப்பி வாராது. காப்பி வாராமல் தாத்தா செய்தித்தாளை விரிக்க மாட்டார். இவை சங்கிலிபோல ஒன்றையொன்று பற்றி நிற்கும் வேலைகள். கணினியின் பணிகளும் இவ்வாறே. சில ஒருங்கே நடக்கும். சில ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். ஒரு கண்ணி தாமதித்தால் அதனைத் தொடரும் கண்ணிகள் யாவும் தாமதிக்கும்.

தாமதம் எங்கே பிறக்கின்றது?

‘கணினி மெல்ல எழுகின்றது’ என்பது முறையீடு. அது நோயின் பெயர் அன்று. எந்தக் கட்டத்தில், எவ்வளவு நேரம் தாமதம் என்று அளந்து கூறும்போதே முறையீடு ஆராய்ச்சியாகின்றது. லினக்ஸ் இதற்கெனத் துலாக்கோல் ஒன்றைத் தன்னிடமே வைத்துள்ளது. முனையத்தில் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்னும் கட்டளையை இட்டால், கெர்னல் எழ எத்தனை நொடி, பிற பணிகள் எழ எத்தனை நொடி என்று அது பிரித்துக் காட்டும். அதனோடு ‘பிளேம்’ என்னும் சொல்லைச் சேர்த்தால், ஒவ்வொரு பணியும் எடுத்துக்கொண்ட நேரத்தை மிகுதியிலிருந்து குறைவாக வரிசைப்படுத்தும். ‘கிரிட்டிகல்-செயின்’ என்பதைச் சேர்த்தால், எந்தப் பணி எந்தப் பணிக்காகக் காத்து நின்றது என்னும் சங்கிலியைக் காட்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பட்டியலின் தலையில் நிற்கும் பணியே குற்றவாளி என்று முடிவு செய்தல் தவறு. காப்பி எட்டு மணிக்கு வந்தது என்பதனால் காப்பி கலந்தவரைப் பழித்தல் நீதியாகுமா? பால்காரர் ஏழே முக்கால் மணிக்கு வந்திருப்பாராயின் பிழை எங்கே உள்ளது? ஆதலின் பட்டியலையும் சங்கிலியையும் ஒருசேரப் பார்த்தே தீர்ப்புக் கூற வேண்டும்.

பழைய மடிக்கணினிகளில் தாமதத்தின் பெருங்காரணம் சுழலும் வன்தட்டே ஆகும். அவற்றிலுள்ள தட்டுக்கள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வன. அஃதாவது நொடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. வேண்டிய செய்தி தலைமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று, ஏறத்தாழ 5.5 மில்லிநொடி, காத்திருத்தல் வேண்டும். தலைமுனை ஓர் இடத்தினின்றும் மற்றோர் இடத்திற்கு நகர, மேலும் பத்து மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஆகவே, வெவ்வேறிடத்தில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளை எடுப்பதாயின், நொடிக்கு 60 துணுக்கு எடுத்தலே பெரும்பாடு. கணினி எழுவதற்கு 6,000 துணுக்குகள் வேண்டுமாயின், அதற்கு மட்டும் 100 நொடி செல்லும். சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலை வட்டோ, அதே 6,000 துணுக்குகளைச் சில நொடிகளுக்குள் எடுத்துத் தரும். பழைய கணினிக்கு இவ்வட்டைப் பொருத்தியவர்கள், கணினியே புதிதாயிற்று என்று மகிழ்வதன் காரணம் இதுவேயாகும்.

இரண்டாவது காரணம் நினைவகத்தின் குறைவு. நினைவகம் நிரம்பியவுடன் கெர்னல், உடனடியாக வேண்டாதவற்றை வட்டிலுள்ள ஸ்வாப் என்னும் இடமாற்றுப் பகுதிக்கு அனுப்பி வைக்கும், வேண்டும்போது மீட்கும். சிறிய மேசையில் வேலை செய்பவன், ஒவ்வொரு நூலையும் அலமாரியில் வைத்து வைத்து எடுப்பது போன்றது இது. அதற்கு மருந்து, நினைவகத்தைக் கூட்டுதல். இயலாவிடின், எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி போன்ற எளிய திரைச்சூழலைக் கையாளுதல்.

மூன்றாவது காரணம் வெப்பம். ஆண்டுகள் பல செல்ல, விசிறியின் வாயில் தூசி அடைத்துக்கொள்ளும். செயலி சூடேறும்போது, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்கு மென்பொருள் மருந்து எதுவும் வேண்டியதில்லை. துப்புரவு ஒன்றே போதும்.

பிழைச் செய்திகளைப் படித்தல்

திரையில் ஓடி மறையும் வரிகள் மறைந்தே போவனவல்ல. அவை குறிப்பேட்டில் பதிந்திருக்கும். ‘ஜர்னல்சிடிஎல்’ என்னும் கட்டளை அக்குறிப்பேட்டைத் திறந்து காட்டும். அதில் ஒவ்வொரு செய்திக்கும் 0 முதல் 7 வரை ஒரு தரம் உண்டு. 0 என்பது பேராபத்து. 3 என்பது பிழை. 4 என்பது எச்சரிக்கை. 7 என்பது ஆய்வாளர்க்கு மட்டும் வேண்டிய நுண்குறிப்பு. பிழை அளவிலும் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும் காட்டுமாறு கேட்டால், ஆயிரம் வரிகளுள் பத்து வரியே எஞ்சும்.

கெர்னலின் செய்திகளை ‘டிமெஸ்ஜி’ என்னும் கட்டளை தனியே காட்டும். அதில் வரி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சதுர அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். கெர்னல் எழுந்த நொடி முதலாகக் கணக்கிட்ட நேரம் அது. ஒரு வரியில் 4.8 என்றும் அடுத்த வரியில் 34.9 என்றும் இருக்குமாயின், இடையில் 30 நொடி எதற்காகவோ கணினி காத்து நின்றது என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாம். இங்கே சொற்களைவிட, சொற்களுக்கு இடையிலுள்ள மௌனமே மிகுதியாகப் பேசுகின்றது.

பிழைச் செய்திகள் மூவகைப்படும். முதல் வகை, பிறந்த நாள்தொட்டு உள்ள மறு போன்றது. நிலைபொருளை எழுதியவர் செய்த சிறு வழுக்களைக் கெர்னல் கண்டு கூறும் ஏசிபிஐ செய்திகள் பெரும்பாலும் இவ்வகையின. கணினி நன்கு இயங்குமாயின் இவற்றைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. இரண்டாம் வகை, குறையைக் கூறுவது. கம்பியில்லா வலையட்டைக்குரிய நிலைபொருள் கிடைக்கவில்லை என்பதும், வட்டில் இடமில்லை என்பதும் இவ்வகையின. வேண்டியதை நிறுவினாலோ, வேண்டாததை நீக்கினாலோ இவை தீரும். மூன்றாம் வகை, அழிவை முன்னறிவிப்பது. வட்டிலிருந்து படிக்க இயலவில்லை என்னும் ‘ஐ/ஓ எரர்’ செய்தி இவ்வகையினது. இதனைக் கண்டவன் ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

சில செய்திகள் ஓரிடத்து நோயை வேறிடத்திற் காட்டும். தாய்ப்பலகையில் கடிகாரத்தைக் காக்கும் 3 வோல்ட் காசு மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்துவிட்டால், கணினியின் நாள் பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது, ‘கோப்பமைப்பு கடைசியாக ஏற்றப்பட்ட நேரம் எதிர்காலத்தில் உள்ளது’ என்று வட்டுச் சோதனை முறையிடும். பாதுகாப்பான வலைத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி மறுக்கும். வட்டிலும் குறையில்லை, வலையிலும் குறையில்லை. சிறு மின்கலம் ஒன்று தீர்ந்ததன் விளைவே இவையெல்லாம்.

ஓர் எடுத்துக்காட்டு

இவற்றையெல்லாம் ஒரு நிகழ்ச்சியில் வைத்துக் காண்க. சிற்றூர் ஒன்றில் பத்தாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் தாய், பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நடத்தும் மகளிர் குழுவின் செயலாளர். குழுவினரின் சேமிப்பு, கடன், தவணை ஆகியவற்றை, அண்ணன் விட்டுச் சென்ற பழைய மடிக்கணினியில் மாதந்தோறும் அவளே பதிந்து வந்தாள். பழைய கணக்குகள் பேரேட்டில் இருந்தன; கடைசி எட்டு மாதக் கணக்கோ கணினியில் மட்டுமே இருந்தது. புதிய கடன் வேண்டி வங்கிக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிற்று. அவ்வேளையில் கணினி எழுவதற்கு ஆறு நிமிடம் ஆகத் தொடங்கியது.

திரையின் நடுவே ஒரு வரி நின்றது. ஒரு வட்டுப் பகுதிக்காகக் காத்திருப்பதாகவும், காத்திருக்கும் எல்லை 1 நிமிடம் 30 நொடி என்றும் அது கூறியது. நொடிகள் ஒவ்வொன்றாக ஏறின. அதன் பின்னர், ‘ஏடிஏ’ என்றும் ‘பஃபர் ஐ/ஓ எரர்’ என்றும் தொடங்கும் இரண்டு மூன்று வரிகள் மின்னி மறைந்தன. பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் சரியாய்ப் போகும்” என்றார். தாய்க்கு உள்ளம் நடுங்கிற்று. பன்னிரண்டு குடும்பங்களின் காசு அன்றோ அதில் கணக்காக இருந்தது?

மாணவி உடனே ஒன்றும் செய்யவில்லை. தோன்றிய வரிகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து, “அண்ணா, கணினியில் அண்மையில் ஏதேனும் மாற்றினீர்களா?” என்று கேட்டாள். சென்ற விடுமுறையில் வந்தபோது இடமாற்றுப் பகுதியை அழித்துப் புதிதாக அமைத்ததாக அவன் கூறினான்.

அவ்விடையால் பாதிப் புதிர் அவிழ்ந்தது. வட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் யூயூஐடி என்னும் தனி அடையாள எண் உண்டு. பகுதியைப் புதிதாக அமைத்தால் எண்ணும் புதிதாகும். எந்தப் பகுதியை எங்கே ஏற்றுவது என்று கூறும் எஃப்எஸ்டேப் என்னும் கோப்பிலோ பழைய எண்ணே இருந்தது. ஊரை விட்டுப் போனவர் பெயருக்கு வந்த கடிதத்தை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் தபால்காரர்போல, சிஸ்டம்டி அவ்வெண்ணுக்காக 90 நொடி காத்து நின்றது. இனிட்ராம்எஃப்எஸ் மூட்டையிலும் அதே பழைய எண் இருந்தமையால், தொடக்கத்தில் வேறு 30 நொடி வீணாயிற்று. ஆக இரண்டு நிமிடத் தாமதத்திற்கு ஒரே சிறு காரணம். இது நோய்தான், ஆயினும் உயிர்க்கொல்லி அன்று.

எஞ்சிய தாமதம் எதனால் வந்தது? மின்னி மறைந்த அந்த இரண்டு மூன்று வரிகளே அதற்கு விடை. தட்டின் சில இடங்கள் பழுதடைந்திருந்தன. அவ்விடங்களைப் படிக்குமாறு கெர்னல் கேட்கும், விடை வாராது. வழக்கமாக 30 நொடி காத்திருந்து, இணைப்பை மீட்டமைத்து, மீண்டும் கேட்கும். இவ்வாறு கேட்டுக் கேட்டே நிமிடங்கள் கழிந்தன. திரையில் நெடுநேரம் நின்று மிரட்டிய செய்தி தீங்கற்றது. கண் இமைக்குமுன் மறைந்த செய்தியே தீங்குடையது. உரக்கப் பேசுபவர் கூற்றெல்லாம் பெரிதுமன்று. மெல்லப் பேசுபவர் கூற்றெல்லாம் சிறிதுமன்று.

இதனை உணர்ந்த மாணவி, தாமதத்தைச் சரிசெய்ய முனையவில்லை. கணினியை அணைத்தாள், மறுநாள் பள்ளியின் கணினி ஆசிரியரிடம் சென்றாள். அவர், நிறுவாமலே இயங்கும் லினக்ஸ் அடங்கிய விரலி ஒன்றைத் தந்தார். அதிலிருந்து கணினியை எழுப்பியபோது, பழைய தட்டில் ஒரு சொல்லும் எழுதாமல் அதனைப் படிக்க மட்டும் திறக்க முடிந்தது. மற்ற எதனையும் தொடாமல், கணக்குக் கோப்புக்களை மட்டும் முதலில் வேறொரு விரலிக்குப் படியெடுத்தாள். படியெடுத்தவுடன் மகிழ்ந்து விடவும் இல்லை. பள்ளிக் கணினியில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எட்டு மாதக் கணக்குகளுள் ஏழு முழுமையாக இருந்தன. ஒன்று படிக்க இயலாமற் சிதைந்திருந்தது.

சிதைந்த அம்மாதத்தின் கணக்கைக் கணினி மீட்டுத் தரவில்லை. பன்னிரண்டு பெண்களும் தத்தம் சேமிப்புப் புத்தகங்களுடன் ஒருநாள் மாலை அவள் வீட்டுத் திண்ணையில் கூடினர். ஒவ்வொரு புத்தகத்திலும் அம்மாதத்து வரியைப் பார்த்துப் பார்த்து மாணவி மீண்டும் எழுதினாள். கூட்டிப் பார்த்தபோது, வங்கியில் செலுத்திய தொகையோடு அது ஒத்து நின்றது. அதன் பின்னரே தாய்க்கு மூச்சு வந்தது.

தட்டைச் சோதிக்கும் வேலை அதன் பிறகு நடந்தது. வன்தட்டுக்கள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கு ஸ்மார்ட் என்பது பெயர். ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்னும் கட்டளை அக்குறிப்பைப் படித்துக் காட்டும். ‘சோதனையில் தேறியது’ என்று பொதுவாகக் கூறும் முதல் வரியை மட்டும் நம்புதல் போதாது. மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள் எத்தனை, படிக்க இயலாமல் ஐயத்திற்குரியனவாக நிற்கும் பகுதிகள் எத்தனை என்னும் இரண்டு எண்களையும் காணுதல் வேண்டும். மாணவியின் தட்டில் அவ்விரண்டும் சுழியாக இல்லை. நாளுக்கு நாள் ஏறியும் வந்தன. தட்டின் வாழ்நாள் முடியும் காலம் அணுகியது தெளிவாயிற்று.

அண்ணன் பணம் அனுப்ப, பழைய தட்டினும் சிறிது மிகுந்த கொள்ளளவுடைய திண்மநிலை வட்டு ஒன்று வாங்கப்பட்டது. ஆசிரியரின் துணையுடன், ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் கருவியால் பழைய தட்டு முழுதும் புதிய வட்டுக்குப் படியெடுக்கப்பட்டது. அக்கருவி, படிக்க எளிதாக உள்ள இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதுற்ற இடங்களைக் கடைசியில் மீண்டும் மீண்டும் முயலும். முயன்ற இடங்களை ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும். நெல்லைத் தூற்றுவோன் முதலில் கனத்த மணியைச் சேர்த்துக்கொண்டு, பதரோடு கலந்ததைப் பின்னர்ப் புடைப்பது போன்றது அது. படியெடுத்த பின், கோப்பமைப்பின் ஒழுங்கைத் திருத்தும் ‘எஃப்எஸ்சிகே’ என்னும் சோதனை புதிய வட்டின்மேல் நடத்தப்பட்டது. சாகும் தட்டின்மேல் அதனை நடத்துதல் பெருந்தவறு. ஏற்றிப் பயன்பாட்டில் உள்ள பகுதியின்மேல் நடத்துதலும் தவறே.

கடைசியாக, இடமாற்றுப் பகுதியின் புதிய எண்ணை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, தொடக்க மூட்டையையும் புதுப்பித்தனர். இரண்டு நிமிடத் தாமதம் அத்துடன் ஒழிந்தது. ஆறு நிமிடம் தூங்கிய கணினி, ஒரு நிமிடத்திற்குள் எழுந்து நின்றது. ஏசிபிஐ பற்றிய பழைய வரி மட்டும் முன்போலவே தோன்றி மறைந்தது. மாணவி அதனைக் கண்டு புன்னகை புரிந்தாள்.

கடைப்பிடிக்க வேண்டியவை

இந்நிகழ்ச்சியில் அடங்கிய முறைகள் கணினிக்கு மட்டுமன்றிப் பிற துறைகளுக்கும் உரியன. முதலாவது, பழுது பார்க்குமுன் பொருளைக் காத்தல். தீப்பற்றிய வீட்டில் கூரையைச் செப்பனிட முனைவோர் இல்லை. உள்ளே உள்ள குழந்தையையே முதலில் எடுப்பர். கணினியை மீண்டும் வாங்கலாம். கணக்கை வாங்க இயலாது. இரண்டாவது, கண்டதை எழுதி வைத்தல். நினைவு மயங்கும், எழுத்து மயங்காது. மூன்றாவது, ‘அண்மையில் மாறியது யாது?’ என்று வினவுதல். நேற்றுவரை நன்றாக இருந்தது இன்று கெடுமாயின், இடையில் ஏதோ மாறியிருத்தல் வேண்டும்.

நான்காவது, ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல். ஐந்து மருந்தை ஒன்றாகக் கொடுத்த மருத்துவன், நோயாளி பிழைத்தாலும் எம்மருந்தால் பிழைத்தான் என்று அறியான். நோய் முற்றினாலும் எம்மருந்தால் முற்றிற்று என்று அறியான். ஐந்தாவது, பொருள் அறியாத கட்டளையை இடாதிருத்தல். லினக்ஸில் ரூட் என்னும் முதன்மைப் பயனரின் உரிமையோடு இடும் கட்டளை, கேள்வி கேளாமல் நிறைவேறும். ஒரு வரியில் வட்டு முழுவதையும் அழித்து விடும் கட்டளைகளும் உண்டு. யாரோ எங்கோ எழுதியதைப் பார்த்து, அதன் பொருள் அறியாது அப்படியே இடுதல், எழுதிய தாளைப் படியாமல் கையெழுத்திடுதலை ஒக்கும். ஆறாவது, எடுத்த படியைத் திறந்து பார்த்தல். திறந்து பாராத படி, இருக்கின்றதோ இல்லையோ என்று அறியப்படாத படியே ஆகும்.

பழையன கழிதல் உலகியற்கைதான். ஆயினும், கழிய வேண்டிய காலம் வருமுன்னர் அறியாமையால் எறியப்படும் பொருள்கள் உலகில் மிகப் பல. சிறிது பொறுமையும், படிக்கும் பழக்கமும், வரிசையாக எண்ணும் அறிவும் உடையவர் கையில் பழைய கருவியும் பல்லாண்டு பயன் தரும். பிழைச் செய்தி என்பது பகைவன் விடுக்கும் அறைகூவல் அன்று. தன் துன்பத்தைத் தனக்குத் தெரிந்த மொழியில் கருவி எடுத்துரைக்கும் முறையீடு. அம்மொழியைக் கற்றுக் காது கொடுத்துக் கேட்பவர்க்கு, கருவி தன் குறையை ஒளியாது கூறும்.

அம்மாணவி இப்போது மாதக் கணக்கை எழுதி முடித்தவுடன், விரலியில் ஒரு படியும் தாளில் ஒரு படியும் எடுத்து வைக்கின்றாள். தாளிலுள்ள படி, தாயின் பெட்டியில் குழுவின் பேரேட்டோடு பத்திரமாக இருக்கின்றது.